நகராத சைக்கிள்

செஞ்சி ஊரைத் தாண்டி, திருவண்ணாமலை போகும் சாலையோரம் ஒரு டீக்கடை. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோட்டையைப் பார்க்கலாம் என்று போனவனை மழை பிடித்து அந்தக் கடைக்குள் தள்ளிவிட்டது. பின்னாலேயே இரண்டு பேர், தொப்பலாக நனைந்து, சைக்கிளோடு வந்து ஒதுங்கினார்கள். சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியவர்களாம். திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 150 கிலோ மீட்டர் மிதித்திருக்கிறார்கள்!

''இந்த மூணு மாசமும் இப்படித்தான் சார். பிராக்டிஸே கெட்டுப்போகுது. வீட்டுக்குள்ளேயே ஓட்டுற மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். டிரெய்னரா, ரோலரான்னு ஒரே குழப்பம்'' என்றார் ஒருவர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். ''ஏன் தம்பி, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டினா எந்த ஊருக்குப் போய்ச் சேருவீங்க?''

கடையே சிரித்தது. நானும்தான். கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட வந்தவர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: ''மழை ஒரு சாக்கு சார். எங்களோட ஓட்டுற ஒருத்தனைப் போன மாசம் விடியக்காலைல லாரி தட்டிட்டுப் போயிடுச்சு. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்கான். இவன் வீட்டுல இனிமே ரோட்டுப் பக்கமே போகக் கூடாதுங்கறாங்க. இன்னிக்குத்தான் கடைசின்னு சொல்லிட்டு வந்திருக்கான்.''

மழை விட்டது. அவர்கள் கிளம்பிப் போனார்கள். நான் கோட்டைக்குப் போனேன். 'எந்த ஊருக்குப் போய்ச் சேருவீங்க?' என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கான பதில் கோட்டைக்குள்தான் இருந்தது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி... மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோ மீட்டர். ராஜகிரியின் அடிவாரத்தில் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கல்யாண மகாலைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. அதே வட்டாரத்தில் குதிரை லாயம் இருக்கிறது, பெரிய களஞ்சியம் இருக்கிறது. கூடவே இன்னொரு கட்டடமும் இருக்கிறது. வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிற கட்டடம். அதன் பெயர் உடற்பயிற்சிக் கூடம். பழைய பெயர், வியாயாம சாலை.

யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் மலை, காடு, வெட்டவெளி. ஓடுவதற்கும் ஏறுவதற்கும் இடமா இல்லை? அப்புறம் எதற்குக் கூரை போட்டு ஒரு கூடம்?

கோட்டை கட்டியவனுக்குத் தெரியும், ஒரு நாள் வாசலைச் சாத்த வேண்டிவரும் என்று. அப்போது உள்ளே இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நெல்லைச் சேர்த்துவைக்க ஒரு கட்டடம், பலத்தைச் சேர்த்துவைக்க இன்னொரு கட்டடம். அவ்வளவுதான் கணக்கு.

செஞ்சிக்கு அந்த நாள் வந்தது. 1689 மார்ச்சில் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, அந்த நவம்பரில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே இங்கு இடம் மாறியது. 1690 செப்டம்பரில் மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் கோட்டைக்கு முன்னால் வந்து இறங்கினார். கோட்டை விழுந்தது எப்போது தெரியுமா? 1698-ன் தொடக்கத்தில். இடையிடையே விலகியும் திரும்ப வந்தும், ஏழு வருடங்களுக்கு மேல் நீண்ட முற்றுகை!

அத்தனை காலம் வாசல் சாத்திக் கிடந்தால் வாள் துருப்பிடிப்பதற்கு முன்பே வாள் பிடிக்கிற கை துருப்பிடித்துவிடும். குதிரைக்கும் அதே கதிதான்.

இப்படி அடைபட்ட இடத்தில் பயிற்சி செய்வதற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் விழுப்புரம் பகுதியில் இன்றும் பிள்ளைகள் மல்லர் கம்பம் ஏறுகிறார்கள். நட்டுவைத்த வழவழப்பான மரத்தூண். அதில் ஏறி, பிடித்து, சுழன்று, தலைகீழாக நிற்க வேண்டும். இன்றைக்கு அது தனி விளையாட்டு. தொடக்கத்தில் மல்யுத்த வீரனின் பயிற்சிக் கருவி. 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்திலேயே மல்லர் தூண் பற்றிய பேச்சு வருகிறது. எதிராளி கிடைக்காத நேரத்தில் தூணே எதிராளி. சண்டைக்கு ஆள் இல்லையென்றால் தூண். சாலை இல்லையென்றால் ரோலர். இரண்டும் ஒரே யோசனைதான்!

கர்லாக்கட்டையும் அப்படித்தான். நின்ற இடத்தில் சுழற்றுவது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பார்த்துவிட்டு ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுவதற்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

ஆனால், நின்ற இடத்தில் உழைப்பதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர், சிறையில் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓர் இயந்திரம் செய்தார். பெரிய உருளை, அதன் மேல் படிகள். கைதி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். படி கீழே போய்க்கொண்டே இருக்கும். ஏறுகிறவன் ஓர் அங்குலம்கூட மேலே போக மாட்டான். இன்று ஜிம்மில் காசு கொடுத்து ஓடுகிறோமே டிரெட்மில், அதன் பெயரும் பிறப்பும் அந்தச் சிறையில்தான். நம் வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கில் பூட்டினார்கள். மாடு சுற்றுகிற வட்டத்தில் ஒரு வழக்கறிஞர் சுற்றினார். கப்பல் ஓட்டியவரைக் கரையில்லாத வட்டத்தில் நடக்கவிட்டார்கள்!

ஒரே உழைப்புதான். ஒன்று பயிற்சி, இன்னொன்று தண்டனை. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. வாசல் எப்போது திறக்கும் என்று தெரிகிறதா, திறப்பது யார் கையில் இருக்கிறது என்பதில்தான்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1890-களில் சைக்கிள் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. குளிர்காலத்தில் பனி கொட்டினால் சாலை மூடிக்கொள்ளும். பந்தய வீரர்கள் என்ன செய்வார்கள்? தரையில் ஒரு சட்டம், அதில் மூன்று உருளைகள். பின் சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவில், முன் சக்கரம் மூன்றாவது உருளையின் மேல். மிதித்தால் சக்கரம் உருளையைச் சுற்றும். ஒரு பெல்ட் அந்தச் சுழற்சியை முன் உருளைக்குக் கொண்டுபோகும். இதுதான் ரோலர். அன்றைக்கு 'ஹோம் டிரெய்னர்' என்றார்கள்.

அதிலும் காசு பார்த்தார்கள். 1899-ல் உலக சாம்பியன் ஆன கறுப்பின வீரர் மேஜர் டெய்லரும், சார்லஸ் மர்ஃபியும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடக மேடையிலேயே ரோலர் போட்டு, ஜனங்கள் முன்னால் பந்தயம் ஓட்டினார்கள். மேடையை விட்டு ஓர் அடி நகராத பந்தயம்!

இந்த மர்ஃபி சாதாரண ஆள் இல்லை. 1899 ஜூன் 30. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் ரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ஓடும் ரயிலுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டினார். ரயில் பெட்டியின் பின்புறம் காற்றை மறைக்கத் தடுப்பு. ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார். அதாவது மணிக்கு 100 கிலோ மீட்டர்! சைக்கிள்காரனின் முதல் எதிரி காற்று என்பதை அவர் உயிரைப் பணயம் வைத்து நிரூபித்தார். சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோ மீட்டருக்கு மேல் போனால், மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடும்.

அறைக்குள் அந்த எதிரி இல்லை. அதனால்தான் ரோலரில் பறக்கலாம். அதனால்தான் அங்கே எதிரியைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியும் இருக்கிறது. பின் வந்த டிரெய்னர்களின் வரலாறே இதுதான்.

டிரெய்னரில் பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சட்டத்தில் இறுக்கிவிடுவார்கள். சக்கரம் ஓர் உருளையைச் சுற்றும். அந்த உருளையோடு ஒரு விசிறியை இணைத்தார்கள். வேகம் இரண்டு மடங்கானால் விசிறி கேட்கிற பலம் எட்டு மடங்கு. சாலையில் காற்று போடுகிற கணக்கும் அதேதான். ஆனால், சத்தம் மாவு மில் மாதிரி இருக்கும். அடுத்து காந்தம் வந்தது. சத்தம் குறைந்தது. பிறகு எண்ணெய்க்குள் சுழலும் சக்கரம் வந்தது. கடைசியாக வந்தது, பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேரடியாக மாட்டுகிற 'ஸ்மார்ட்' டிரெய்னர். கம்ப்யூட்டர் திரையில் மலை வந்தால் பெடல் தானாகக் கனக்கும்.

டீக்கடை நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம். ரோலரில் சைக்கிளை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். நாம்தான் சமநிலை பார்க்க வேண்டும். கவனம் சிதறினால் விழுவோம். முதல் வாரம் சுவரோரம் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆனால், கால் சீராகச் சுற்றவும் ஹேண்டில் ஆடாமல் இருக்கவும் அதைப்போல வாத்தியார் கிடையாது. மூச்சு முட்ட மிதித்துப் பலம் ஏற்ற வேண்டுமா? டிரெய்னர்தான். சைக்கிள் இறுகி நிற்பதால் பயமில்லாமல் மிதிக்கலாம். கூடத்தில் எத்தனை விதக் கருவி இருந்தாலும், நாளைக்கு எந்தச் சண்டைக்குப் போகிறோமோ அதற்குரியதைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்த இயந்திரங்கள் எல்லாம் பனி பெய்கிற ஊருக்காகப் பிறந்தவை. நமக்கோ குளிர்காலம் என்றால் மழை, புழுக்கம். மழை என்றால் சும்மா இல்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, செஞ்சிக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டி மீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் ஓட்டுவதுதான் புத்தி. ஆனால், உடம்பு செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி மூன்று பங்கும் சூடு. 200 வாட் பலத்தில் மிதிக்கிறவர் உடம்பிலிருந்து சுமார் 600 வாட் சூடு கிளம்பும். ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு! சாலையில் எதிரியாக இருந்த அதே காற்றுதான் அங்கே உடம்பைக் குளிரவைக்கிறது. அறைக்குள் அதுவும் இல்லை. ஆகவே நம்மூரில் டிரெய்னருக்கு முன்னால் வாங்க வேண்டியது நல்ல மேசை விசிறி. கூடவே சைக்கிள் மேல் போட ஒரு துண்டு. வியர்வை உப்பு, ஸ்க்ரூவை எல்லாம் அரித்துவிடும். அடுக்குமாடிக்காரர்கள் கீழே கனமான ரப்பர் பாய் விரித்தால், கீழ்வீட்டுக்காரரின் நட்பும் நிலைக்கும்.

விலை? நான் படித்தது பி.காம். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் தேய்மானம்தான் முதலில் ஞாபகம் வரும். ரோலரோ, டிரெய்னரோ உபயோகித்துத் தேய்ந்ததைவிட, உபயோகிக்காமல் துணி காயப்போட்டே தேய்ந்ததுதான் அதிகம். வாங்குகிற விலையை ஓட்டப்போகிற நாட்களால் வகுத்துப் பாருங்கள். எதை வாங்கலாம், வாங்கலாமா என்பதே புரிந்துவிடும்.

அந்த வகுத்தல் கணக்கில் எத்தனை நாள் ஓட்டுவோம் என்பதை எது தீர்மானிக்கிறது? வெளியே நமக்காக ஏதாவது காத்திருக்கிறதா என்பதுதான்.

மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலிய வீரர். 2016 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை முறிந்தது. வயது 37. அவருடைய கனவுப் பந்தயமான பாரிஸ்-ரூபே ஏப்ரல் 10-ம் தேதி. கருங்கல் பாவிய சாலையில் உடம்பை உலுக்கியெடுக்கிற பந்தயம் அது. கையில் கட்டோடு கார் ஷெட்டில் டிரெய்னரைப் போட்டு, வாரக்கணக்கில் மிதித்தார். திரும்பி வந்து, ஏற்கெனவே நான்கு முறை ஜெயித்திருந்த டாம் பூனனை எல்லைக்கோட்டில் முந்தினார்!

2020-ல் கொரோனா வந்து உலகத்தையே கோட்டைக்குள் அடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி, அவரவர் இடத்தில் டிரெய்னரில் ஓட்டுகிற முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. ஆண்கள் பிரிவில் வென்றவர் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன். வேடிக்கை என்னவென்றால், அவர் படகுப் போட்டி வீரர். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி வாங்கினார். அப்புறம்? நிஜச் சாலையில் ஓட்டுகிற தொழில்முறை சைக்கிள் வீரராகிவிட்டார். நகராத சைக்கிளில் உலகத்தை ஜெயித்தவருக்கும் நகர்கிற சைக்கிள்தான் வேண்டியிருந்தது.

நமக்கு இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். சாலையிலும் ஆபத்து, ஊர்வாயிலும் ஆபத்து. கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் போனார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மைதானத்தில் வட்டமடித்ததோடு நின்றிருந்தால் அது வரலாறாகியிருக்காது.

திரும்பவும் செஞ்சிக்கே வருவோம். கோட்டை அத்தனை வருடம் தாங்கியது மதிலின் பலத்தால் மட்டுமல்ல. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு குதிரைப்படைத் தளபதிகள் வெளியே ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1692 டிசம்பரில் அவர்கள் பெரும்படையோடு வந்து மொகலாயர்களுக்கு வந்துகொண்டிருந்த உதவியை வெட்டினார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். 1693 ஜனவரியில் ஜுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் அந்த இரண்டு தளபதிகளுக்குள்ளும் பகை மூண்டது. 1697-ல் சந்தாஜி கொல்லப்பட்டார். 1698-ல் கோட்டை விழுந்தது. மதில் அதே மதில்தான். ஒரு கல் குறையவில்லை. வெளியே ஓடியவர்கள்தான் குறைந்துபோனார்கள். ராஜாராம் உயிரோடு தப்பியதும், கோட்டை விழுவதற்கு முன்பே வெளியேறிவிட்டதால்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த மராட்டியர்களின் 12 கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி கூட்டம் அதிகம் வரும். வருகிறவர்கள் அந்த வியாயாம சாலையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வாசல் சாத்தப்பட்ட காலத்திலும் உடம்பைத் தயாராக வைத்துக்கொள் என்று சொல்கிற கட்டடம் அது. வாசலையே மறந்துவிடு என்று அது சொல்லவில்லை.

பெயர் கேட்க மறந்துபோன அந்த நண்பருக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். வீட்டில் பயப்படுவது நியாயம்தான். டிரெய்னர் வாங்குங்கள். மழை முடியும்வரை, அடிபட்ட நண்பர் எழுந்து நடக்கும்வரை, உள்ளேயே ஓட்டுங்கள். ஆனால், வாங்குகிற அன்றைக்கே காலண்டரில் தை மாதத்து ஞாயிறு ஒன்றை வட்டம் போட்டுவையுங்கள். அன்று விடிந்த பிறகு, வெளிச்சத்தில், பின்னால் சிவப்பு விளக்கோடு, நாலு பேர் துணையோடு கிளம்புங்கள்.

அந்த டீக்கடைப் பெரியவர் மறுபடி கேட்பார், 'எந்த ஊருக்குத் தம்பி?' என்று. பதில் சொல்ல ஓர் ஊர் இருக்க வேண்டும்.